ஆற்றைக் கடந்த சபை

மகாராஜா ஏழு பூட்டுப் போட்டுப் பூட்டிய மறுநாள் மத்தியானம், மாங்கரை சமஸ்தானத்து மக்கள் சபை மண்டபம் தன் முப்பத்திரண்டு தூண்களையும் ஊன்றி எழுந்து, படித்துறை வழியாக இறங்கி, குறுவாணி ஆற்றைக் கடந்து, அக்கரையில் வெள்ளத்தாயின் நிலக்கடலைக் காட்டில் போய் உட்கார்ந்தது. பங்குனி மாதம், ஆற்றில் இடுப்பளவுதான் தண்ணீர். துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள் கல்மேல் கிடந்த வேட்டிகளை வாரிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். நடு ஆற்றில் ஒரு தரம் பாசி வழுக்கி ஓடுகள் கலகலக்க நின்றது என்றும், பிறகு சமாளித்துக்கொண்டு நடந்தது என்றும், கரையேறியதும் எருமை உதறுவதுபோல உடம்பை உதறியதில் கூரைப் புறாக்கள் பறந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அதே கூரையில் வந்து உட்கார்ந்தன என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏழு பூட்டும் கதவில் அப்படியே தொங்கின.

வெள்ளத்தாய் களை வெட்டிக்கொண்டிருந்தாள். முதலில் அவள்மேல் நிழல் விழுந்தது. மேகம் என்று நினைத்து நிமிர்ந்தவள், மண்டபம் வருவதைக் கண்டு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறி நின்றாள். அது நிலத்தை மோந்து பார்க்கிற மாடுபோல இரண்டு முறை இப்படியும் அப்படியும் அசைந்துவிட்டு, பூ உதிர்ந்து விழுது இறங்குகிற பயிரின்மேல், சரியாகப் பாதிக் காட்டை அடைத்துக்கொண்டு அமர்ந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நேரே போய் மூலைத் தூணில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"யாரக் கேட்டு உக்காந்த?"

தூண் ஈரமாகவும் சூடாகவும் இருந்தது.

மகாராஜா கனகபூபதிக்கும் சபைக்கும் ஆறு வருடமாகவே ஆகவில்லை. சபையை உண்டாக்கியவர் அவருடைய அப்பா. ஒரு பஞ்ச காலத்தில் குடிகளெல்லாம் அரண்மனை வாசலில் வந்து பானையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டபோது, இனிமேல் உங்களைக் கேட்காமல் ஒரு வரியும் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, நாற்பத்தொரு பேர் உட்கார்ந்து பேச மண்டபமும் கட்டிக்கொடுத்தார். மகனோ, வாக்குக் கொடுத்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வாக்கும் அவர் கூடவே போய்விட்டது என்றார். புதிதாக ஒரு பட்டாளம் சேர்க்கத் தலைவரி வேண்டும் என்று ஓலை அனுப்பினார். சபை முடியாது என்றது. ஒருநாள் அவரே மண்டபத்துக்கு வந்து, "கை கால்களைக் கேட்டுக்கொண்டா தலை நடக்கிறது?" என்று கேட்டார். சபைத் தலைவர் தில்லைநாயகம் வக்கீல், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நடக்கிறது கால்தானுங்களே மகாராஜா, தலை சும்மா கூட வருகிறது" என்றார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை. மறுநாளே சிப்பாய்கள் வந்து உறுப்பினர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினார்கள்.

மண்டபம் அக்கரைக்குப் போய்விட்டதால் உறுப்பினர்களும் பரிசலேறி அக்கரைக்கு வந்தார்கள். பூட்டை யாரும் தொடவில்லை, பூட்டை உடைத்தால் அது ராஜத் துரோகம் என்று வக்கீல் சொன்னதால் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் போய் உட்கார்ந்தார்கள். தொந்தி பெரிதான இரண்டு பேரை மட்டும் உள்ளே இருந்து இழுக்க வேண்டியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் மனு எழுதுகிறவர்கள் மேஜைகளோடு வந்தார்கள், மனு எழுதுகிறவர்களுக்குப் பின்னால் டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் பின்னால் தபால்காரர் வந்தார், பத்தாம் நாள் டவுன் பஸ் தடம் மாறி மண்டபத்து வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்தது. கட்டடம் வடக்கு நோக்கி நடந்தால் விவசாயத்துக்கு நல்லது, மேற்கு நோக்கி நடந்தால் கல்யாணத்துக்கு நல்லது என்று ஜோசியர் பஞ்சாங்கத்தில் ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் மூலைத் தூணைத் தொட்டுக் கும்பிட்டு, இவ்வளவு பெரிய உடம்பே நோகாமல் எழுந்து நடந்ததே, எங்களுக்கும் சுகமாக ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டார்கள்.

ஆனால் மண்டபம் ஓரிடத்தில் சும்மா இருக்கவில்லை. கன்று போடப்போகிற பசுவைப் போல நிலைகொள்ளாமல் இருந்தது. காலையில் ஒரு முழம் நகரும், உச்சிவேளையில் திரும்பும், உள்ளே வாக்குவாதம் முற்றினால் பெருமூச்சு விட்டு அரை அடி பின்வாங்கும். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்து எழுதியதை மறுநாள் அழித்தார், அதற்கு மறுநாளும் அழித்தார், கடைசியில் பென்சிலாலேயே எழுத ஆரம்பித்தார். அந்த நிலைகொள்ளாமை ஊருக்கும் தொற்றியது. கோழிகள் அடைக்கூடையை விட்டு ஊரான் வைக்கோலில் போய் முட்டையிட்டன, ஜனங்கள் படுத்த பாயை இரண்டு தரம் இடம்மாற்றிப் போட்டார்கள், பேசிக்கொண்டிருக்கிறவர்கள் காரணமில்லாமல் எழுந்து நின்றார்கள்.

வெள்ளத்தாய்க்குத்தான் அது கடலையாக இருந்தது. மண்டபம் ஒரு முழம் நகர்ந்தால் ஒரு பாத்தி போயிற்று.

ஒருநாள் அரண்மனைச் சேவகன் ஒரு நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஏகாம்பரத்திடம் எடுத்துக்கொண்டு போனாள். அவன் அவளைவிட நாலைந்து வயது சின்னவன், அவள் புருஷனை அண்ணே என்பான், அவளை மதினி என்பான். தனி ஆள் என்பதால் வாரத்தில் இரண்டு நாள் அவள் வீட்டில்தான் சாப்பாடு. காலையில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு, சாயங்காலம் சபைக்குத் தொண்டு செய்ய வந்த இளவட்டங்களுக்குக் கவாத்து என்று அவனும் அப்போது ஓர் இடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தான்.

"மதினி, சிரிக்காதீங்க. அரமணைக்குச் சொந்தமான மண்டபம் ஒண்ணத் திருட்டுத்தனமா உங்க காட்டுல பதுக்கி வச்சிருக்கீங்களாம்."

"நானா?"

"நீங்கதான். ஒரு மாசத்துக்குள்ள கொண்டாந்து ஒப்படைக்கணும்னு போட்டிருக்கு."

அவள் நோட்டீஸை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "ஐயாமாரே, ஒண்ணு மண்டபத்த நகத்துங்க, இல்ல நானும் உள்ள வந்து பேசணும். என் நெலத்துல உக்காந்துதான நாயம் பேசுறீங்க?"

சபை அவளுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் போட்டது. தியாகம் என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது. ஒரு பெண்பிள்ளை சபைக்குள் வந்து பேச விதியில் இடம் உண்டா என்று இரண்டு நாள் விவாதித்து, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்த இரண்டு நாளில் இன்னும் மூன்று பாத்தி போயிற்று.

அவள் புருஷன் மருதப்பன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரண்மனை யானைக் கொட்டாரத்தில் பாகன். கோமளம் என்கிற பெண் யானை அவன் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை ஒருநாள்தான் வீட்டுக்கு வருவான். வந்தால் மேலெல்லாம் கரும்புச் சக்கையும் சாணமும் மணக்கும், வெள்ளத்தாய் வெந்நீர் போட்டு வைத்திருப்பாள். அதிகம் பேசுகிறவன் இல்லை. சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே ஒழிய வாயில் வைக்கவில்லை.

"என்ன?" என்றாள்.

"வெள்ளிக்கெழம ஆனைகளக் கூட்டியாரச் சொல்லிருக்கு. பதினொண்ணையும்."

"கூட்டியாந்து?"

"மண்டபத்தக் கட்டி இழுக்கணுமாம்."

"பயிரு மேலயா?"

"வேற எது மேல இழுக்க?"

அவள் மோர்ச்சட்டியைத் தரையில் வைத்தாள். "நீங்க வரலன்னா?"

"நா வரலன்னா கோமளத்துமேல வேற ஆள ஏத்துவாக. அவன் காதுக்குப் பின்னால அங்குசத்தால குத்துற ஆளு." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ அன்னைக்குக் காட்டுப்பக்கம் வராத தாயி" என்றான்.

அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது ஏறும்போது பதினொரு யானைகளும் ஆற்றில் இறங்கின. கோமளம் முன்னால் வந்தது. யானைகளுக்குப் பின்னால் துப்பாக்கி பிடித்த சிப்பாய்கள் வந்தார்கள். இந்தப் பக்கம் ஊர் ஊராகத் தேர்வடம் வந்து சேர்ந்திருந்தது. ஏழு கோயில் வடங்களை முடிந்து மண்டபத்தின் பின்பக்கத் தூண்களில் கட்டி, வடத்துக்கு நூறு பேராகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அவர்களுக்கு முன்னால், மண்டபத்தின் பக்கவாட்டில், ஏகாம்பரத்தின் இளவட்டங்கள், ஏகாம்பரத்தின் கையில் அவன் மாமா பன்றி வேட்டைக்கு வைத்திருந்த துப்பாக்கி. முன்பக்கத் தூண்களில் யானைச் சங்கிலி கட்டினார்கள். ஒரு பக்கம் பாகர்கள் அதட்ட, ஒரு பக்கம் ஜனங்கள் தேரிழுப்பதுபோலக் குரல் கொடுக்க, இரண்டு பக்கமும் இழுத்தார்கள். அத்தனை நாள் ஒரு நிமிஷம் அசையாமல் இருக்க மாட்டாத மண்டபம் அன்றைக்கு அசையவில்லை. உள்ளேயிருந்து மட்டும், முதுகு வலிக்கிறவர்கள் முனகுவதுபோல ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. சங்கிலியை இறுக்கிக் கட்டி மறுபடியும் இழுக்க, பாகர்கள் யானைகளை மண்டபத்தின் பக்கம் திருப்பி ஓட்டிவந்தார்கள்.

அப்போதுதான் வெள்ளத்தாய் மிச்சமிருந்த கடலைப் பயிருக்கு நடுவே வந்து நின்றாள். மண்டபத்துக்கு முதுகைக் காட்டி, யானைகளுக்கு முகத்தைக் காட்டி நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. கோமளத்தின் அடுத்த காலடி அவள் நிற்கிற பாத்தியில் விழ வேண்டும். மருதப்பன் மேலேயிருந்து அவளைப் பார்த்தான். அங்குசத்தைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து யானையின் நெற்றியைத் தட்டி, "நில்லு கோமளம்" என்றான். அவன் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவளுக்கும் யானைக்கும்தான் கேட்டது. கோமளம் நின்றது. பின்னால் வந்த பத்தும் நின்றன.

அவள் காதோரம் ஏதோ சூடாகப் போனது. பிறகுதான் வெடிச்சத்தம் கேட்டது. மருதப்பன் தூக்கம் வந்தவன் மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து, யானையின் கழுத்துக் கயிற்றைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் பயிரில் விழுந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். துப்பாக்கி வாயில் புகையோடு, வாய் திறந்தபடி ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தான். அவள் பார்த்ததை அவன் பார்த்தான். அடுத்த கணம் சிப்பாய்கள் சுட ஆரம்பித்தார்கள், வடம் பிடித்திருந்தவர்களில் பத்தொன்பது பேர் வடத்தை விடாமலே விழுந்தார்கள், யானைகள் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடின, அன்றைக்குச் சண்டை தொடங்கியது.

சண்டை ஒரு வருடமும் ஒரு மாதமும் நடந்தது. கரும்புத் தோட்டங்கள் எரிந்தன, கிணறுகளில் மாட்டைக் கொன்று போட்டார்கள், இக்கரைப் பெண்ணை அக்கரைக்குக் கொடுத்தவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள், ராஜா கட்சி மைத்துனனும் சபைக் கட்சி மைத்துனனும் ஒரே துக்க வீட்டில் இரண்டு வாசலில் நின்று அழுதார்கள், படிக்கட்டில் கிடந்த செருப்பைப் பார்த்தே இது எந்தக் கட்சிச் செருப்பு என்று சொல்லப் பழகிவிட்டார்கள். மண்டபம் வெள்ளத்தாயின் காட்டை விட்டுப் போகவில்லை, ஆனால் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அது இல்லாத இடம் பார்த்து அவள் கம்பு விதைப்பாள், முளைத்த இடத்தில் அது வந்து உட்காரும். குண்டு விழுகிற நாட்களில் ஊர் ஜனம் தூண்களுக்கு நடுவே ஒண்டிக்கொள்ளும், மண்டபம் நகர்ந்தால் அவர்களும் பாத்திரம் பண்டத்தோடு கூடவே நகர்வார்கள். ஒரு கல்யாணம்கூட அப்படி நகர்ந்துகொண்டே நடந்தது. தாலி கட்டத் தொடங்கிய இடம் ஒன்று, மூன்றாம் முடிச்சு விழுந்த இடம் ஒன்று.

மருதப்பனுக்கு இரண்டு நடுகல் நட்டார்கள். ராஜ விசுவாசத்தில் உயிர் விட்ட பாகன் என்று அக்கரையில் ஒன்று. யானையை நிறுத்தியதற்காக ராஜாவின் சிப்பாயே சுட்டுக்கொன்ற தியாகி என்று இக்கரையில் ஒன்று. இரண்டிலும் செதுக்கிய முகம் அவன் முகம் இல்லை. இக்கரைக் கல்லுக்கு மாலை போடும்போதெல்லாம் அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்துவார்கள், நிற்பாள், வருவாள். அவள் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏகாம்பரத்தைக் கொன்றுவிடுவார்கள். சொல்லாமலிருந்தால் மருதப்பனைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் பொய் சொல்லித் திரிகிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வேலையைத் தொட்டால் முடிக்கும்வரை உட்கார முடியவில்லை. அடுப்பில் உலையை வைத்துவிட்டுக் காட்டுக்குப் போவாள், காட்டுக்குப் போய் நின்றதும் உலை ஞாபகம் வந்து திரும்புவாள். ஏகாம்பரம் அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவன் சபைப் படைக்குத் தளபதி ஆகிவிட்டான் என்றும், சாவுக்கு அஞ்சாமல் முன்னால் போய் நிற்கிறான் என்றும் பேசிக்கொண்டார்கள். அவளுக்குத் தெரியும், அவன் அஞ்சாமல் நிற்கவில்லை, தேடிக்கொண்டு நிற்கிறான் என்று.

இரண்டாம் வருடம் வைகாசி முடிகிற வேளையில் அரண்மனை விழுந்தது. பட்டாளம் கலைந்து ஓட, மகாராஜா ஓர் உப்புக் கிடங்கில் சாக்குகளுக்கு நடுவே பிடிபட்டார். மாட்டுவண்டியில் ஏற்றி ஆற்றைக் கடந்து கொண்டுவந்தார்கள். நாற்பத்தொரு பேரில் மிஞ்சிய இருபத்தாறு பேர் அவரை விசாரிக்க உட்கார்ந்தார்கள். தன் குடிகள்மேல் முதல் குண்டைச் சுட்டுச் சண்டையை ஆரம்பித்தவர் என்பதுதான் குற்றம். அது நிரூபணமானால் தூக்கு. கம்பம் நட மரம் வெட்டியாயிற்று.

ஆடி பிறந்து நாலாம் நாள் காலையில் தில்லைநாயகம் வக்கீலே அவள் வீட்டுக்கு வந்தார். சண்டையில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல்.

"தாயி, இன்னைக்கு நீ சபைக்கு வந்து சாட்சி சொல்லணும். பெண்பிள்ளை வரலாமா என்று இன்று யாரும் கேட்கமாட்டார்கள்."

"என்ன சொல்லணும்யா?"

"நடந்ததைத்தான். ராஜா பக்கத்திலிருந்து குண்டு வந்தது, உன் புருஷன் விழுந்தான். அவ்வளவு போதும்."

"நீங்க பாத்தீகளா?"

வக்கீல் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்போது அவருக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும், ஆனாலும் கேட்கவில்லை. "ரெண்டு பிள்ளை போச்சு தாயி" என்று மட்டும் சொன்னார். "அது எதுக்காகன்னு தெரிஞ்சாத்தான நான் நிம்மதியாப் படுக்க முடியும்?"

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவருக்கு மோர் கொடுத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே நடந்தாள்.

மண்டபத்தின் பூட்டுகளை அப்போதும் உடைக்கவில்லை. அவளையும் ஜன்னல் வழியாகத்தான் ஏற்றினார்கள். உள்ளே பெஞ்சுகள் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன, யாரும் அதைக் கவனிக்கவில்லை, நகர்ந்த அளவுக்குத் தாங்களும் காலை நகர்த்திக்கொண்டார்கள். மகாராஜா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை இல்லை. கை முழுக்கக் கொசுக்கடி, சொறிந்துகொண்டிருந்தார். கதவோரம் இடுப்பில் வாளோடு ஏகாம்பரம் நின்றான். அவள் உள்ளே வந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

"அம்மா, உன் கணவனைச் சுட்ட குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?" வக்கீல் கேட்டார்.

வெள்ளத்தாய் நின்ற இடத்திலேயே, அன்றைக்கு நின்றதுபோல நின்று காட்டினாள். "ஆனைக இங்க. மண்டபம் எனக்குப் பின்னால. அவரு ஆனைய நிறுத்திட்டாரு. நில்லு கோமளம்னு சொன்னாரு, எங் காதால கேட்டேன். எல்லா ஆனையும் நின்னு போச்சு. அதுக்குப் பொறகுதான் குண்டு வந்துச்சு." தன் வலது காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தாள். "பின்னாலருந்து வந்துச்சு. நம்ம பக்கமிருந்து."

ஒரு பெஞ்சு நகர்ந்து சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கத்தினார்கள். யார், யார் சுட்டது, பேரைச் சொல் என்றார்கள். இவள் புருஷன் அரண்மனைச் சோறு தின்றவன்தானே என்று ஒருவர் கத்தினார். வாளைக் கழற்றித் தரையில் வைக்கிற சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள்.

"நான்தான்" என்றான் ஏகாம்பரம். அவளைப் பார்த்து நடந்து வந்தான். "ஆனை காலப் பாத்துத்தான் சுட்டேன் மதினி. ஆனை நின்னுட்டது எனக்குத் தெரியல. கை நடுங்கிருச்சு."

"தெரியும்" என்றாள் அவள். "பாத்தேன்ல."

"அன்னைக்கே சொல்லிருக்கலாமே."

"நீதான் வந்து சொல்லணும்னு இருந்தேன்."

அவன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். மகாராஜா முக்காலியிலிருந்து எழுந்தார்; பிடிபட்டதிலிருந்து காணாமல் போயிருந்த குரல் அவருக்குத் திரும்ப வந்திருந்தது. "கேட்டீர்களா? கேட்டீர்களா? நான் ஆரம்பிக்கவில்லை. ராஜ விசுவாசமுள்ள ஒரு பெண் இந்த நாட்டில் இருக்கிறாள்!"

வெள்ளத்தாய் அவர் பக்கம் திரும்பினாள். "மகாராசா, உங்களுக்காகச் சொன்னேன்னு நெனைக்காதீக. ஊரான் பயிரு மேல ஆனைய விடச் சொன்னது யாரு? ஒரு குண்டுக்குப் பத்தொம்பது பேரச் சுட்டது யாரு ஆளுக? அவுகள்ள ஒருத்தரு கையிலயாவது கம்பு இருந்துச்சா? வடந்தான இருந்துச்சு? எம் புருசன் உங்க சோத்தத் தின்னாரு. ஆனைய நிறுத்தணும்னு அவருக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல."

ராஜா முக்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு சபையில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. தூக்கில் போடு என்றார்கள் பாதிப் பேர், எப்படிப் போடமுடியும் என்றார்கள் மீதிப் பேர். வாத்தியாரையும் சேர்த்துப் போடு என்றார் ஒருவர். தில்லைநாயகம் மட்டும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேற்கே இடி உருண்டது. ஜன்னல் வழியாக மண்வாசனை வந்தது. வெள்ளத்தாய் ஜன்னலில் ஏறி வெளியே குதித்தாள். மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. போன வருடம் ஆடிப்பட்டம் சண்டையில் போயிற்று, இந்த வருடமும் போனால் வீட்டில் விதைக்கடலைகூட மிஞ்சாது, அதையும் தின்றுதான் தீர்க்க வேண்டும். கடன் சொல்லிக் கேட்டு வாங்கிய ஓர் உழவு மாட்டு ஜோடி வரப்பில் நுகத்தடியோடு நின்றது.

அவள் மூலைத் தூணுக்குப் பக்கத்தில் போனாள். இத்தனை நாளும் ராஜா சங்கிலி போட்டு இழுத்திருக்கிறார், சபை வடம் போட்டுப் பிடித்திருக்கிறது, அவளே எத்தனையோ தரம் திட்டியிருக்கிறாள், அடித்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக, அதுவும் பாவம் உட்கார இடமில்லாமல் வந்ததுதானே என்று அவளுக்குத் தோன்றியது. வெகுநாள் தங்கிவிட்ட விருந்தாளியிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"மழை வருது. உழணும். எந்திரிச்சுக்கோ."

மண்டபம் எழுந்தது. முப்பத்திரண்டு தூண்களும் ஒவ்வொன்றாக மண்ணைவிட்டுக் கிளம்பின. அவள் மேல் படாதபடி ஒரு தூணைத் தூக்கி அந்தப்புறம் வைத்து, மாடுகள் மிரளாதபடி சுற்றிக்கொண்டு, மெதுவாக வரப்பைத் தாண்டியது. உள்ளே கூச்சல் சட்டென்று நின்று, பெஞ்சுகள் உருள்கிற சத்தமும் பிடி பிடி என்கிற சத்தமும் கேட்டன. ஒரு ஜன்னலில், ஒரே சட்டத்தை மகாராஜாவும் ஏகாம்பரமும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இன்னொரு ஜன்னலில் தில்லைநாயகம் தலையை நீட்டினார். மழை அவர் வழுக்கையில் பட்டுத் தெறித்தது.

"தாயி! இது எங்க போகுது?"

வெள்ளத்தாய் ஏரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். "எனக்கு எப்படிய்யா தெரியும்? உள்ள இருக்கவுகதான் பேசி முடிவு பண்ணணும்!"

மண்டபம் அந்தக் கரைக்கும் போகவில்லை, இந்தக் கரையிலும் நிற்கவில்லை. ஆற்றுக்குள் இறங்கி, நடு ஓட்டத்தில், தண்ணீர் போகிற திசையிலேயே நடந்து போயிற்று. புறாக்கள் கூடவே போயின. டீக்கடைக்காரர் பாய்லரைத் தலையில் தூக்கிக்கொண்டு கரையோரமாகப் பின்னாலேயே ஓடினார்.

அவள் அன்று பொழுது சாய்வதற்குள் முக்கால் காட்டை உழுதாள். தூண்கள் அழுத்தி இறுகிப்போன இடங்களில் ஏரின் கொழு இறங்கவில்லை, மண்வெட்டியால் கொத்திப் புரட்டினாள். மருதப்பன் விழுந்த இடம் வந்தபோது மாடுகளை நிறுத்தி, கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாள். ஒரு வருடத்துக்கும் மேலாக அழாமல் வைத்திருந்ததை மழையோடு அழுது முடித்தாள். பிறகு எழுந்து அந்த இடத்தையும் உழுதாள்.

பதினைந்தாம் நாள் தபால்காரர் கீழ்நாட்டிலிருந்து செய்தி கொண்டுவந்தார். மண்டபம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதாம். போகிற வழியில் ஊர் ஜனங்கள் ஜன்னல் வழியாகச் சோறு கொடுக்கிறார்களாம், ஒரே அண்டாதான் உள்ளே போகிறதாம், எல்லாரும் அதிலேயே அள்ளித் தின்கிறார்களாம். உள்ளே வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை, இன்னும் யாரையும் தூக்கில் போடவில்லை, பேச்சு நடக்கிறதாம்.

வெள்ளத்தாய் களைக்கொத்தை ஊன்றி நின்று கேட்டுக்கொண்டாள். காட்டில் கடலை நாலு நாலு இலையாக விட்டிருந்தது.